ஒரே மாதிரி துண்டுகள்... ஓராயிரம் உருவங்கள்!

இறுதியாண்டு மாணவி, இயந்திரவியல் பிரிவு



மலருக்கு ஏதாவது எழுது என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, "எனக்குக் கவிதை வராது, ஜோக்கும் வராது; ஒரு ரோபோக்காரரைப் பற்றி வேணும்னா எழுதறேன்" என்றேன். "எழுது. ஆனா எல்லா டிபார்ட்மென்டுக்கும் புரியணும்" என்றார். முயற்சி செய்கிறேன். சிவில், ட்ரிபிள்-ஈ நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம்!

'எந்திரன்' படம் 2010-இல் வந்தபோது நமக்கெல்லாம் இரண்டு மூன்று வயதுதான். ஆனாலும் பார்க்காதவர் யார்? டி.வி.யில் போட்டுப் போட்டே மனப்பாடம் ஆகிவிட்டது. அதன் கடைசிக் காட்சியை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு பந்தாக உருளும், பாம்பாக நெளியும், ராட்சத மனிதனாக எழுந்து நிற்கும். உருப்படி எல்லாம் ஒரே மாதிரி. சேருகிற விதம் மாறினால் உருவம் மாறும்.

காட்சி கிராஃபிக்ஸ்தான். ஆனால் யோசனை கிராஃபிக்ஸ் இல்லை. ஜப்பானில் டோஷியோ ஃபுகுடா என்பவர் 1980-களின் கடைசியிலேயே, நம் உடம்பில் செல்கள் சேர்ந்து உறுப்பாகிற மாதிரி சின்னச் சின்ன ரோபோக்கள் சேர்ந்து பெரிய ரோபோவாக வேண்டும் என்று சொல்லி, 'செபாட்' என்று பெயரும் வைத்துவிட்டார். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் யிம் என்ற ஆராய்ச்சி மாணவர் இதே பாதையில் உழைத்து 1994-இல் முனைவர் பட்டம் வாங்கினார். படம் வருவதற்குப் பதினாறு வருடம் முன்னால்! அதிலிருந்து இன்றுவரை அந்த மனிதர் இந்தத் துண்டு ரோபோக்களை விடவே இல்லை. அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டே வகைத் துண்டு

கார் கம்பெனியில் வெல்டிங் அடிக்கிற ரோபோ கையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். வெல்டிங்கில் அது சூரப்புலி. ஆனால் இருக்கிற இடத்தை விட்டு நகராது. படியேறச் சொன்னால் முழிக்கும். வேறு வேலை வேண்டுமென்றால் வேறு ரோபோ செய்ய வேண்டும். வேலைக்கு ஒரு மெஷின் என்றால் எத்தனை மெஷின் செய்வது?

யிம் கேள்வியைத் திருப்பிப் போட்டார். மெஷினை மாற்ற வேண்டாம், அடுக்கை மாற்றினால் போதாதா? அப்படியானால் குறைந்தபட்சம் எத்தனை வகைத் துண்டு வேண்டும்? அவருடைய 'பாலிபாட்' சொன்ன பதில், இரண்டே இரண்டு. ஒன்றுக்குப் பெயர் 'செக்மென்ட்'. மடங்குவது, நீளுவது எல்லாம் இதன் வேலை. இன்னொன்று 'நோடு'. இது அசையாத ஒரு கனசதுரப் பெட்டி. பாட்டரி இதற்குள் இருக்கும். ஆறு முகத்திலும் செக்மென்டை மாட்டலாம் என்பதால் கிளை பிரிவதற்கும் இதுதான்.

இந்த இரண்டை வைத்துக்கொண்டு வட்டமாகக் கோத்து டாங்கி சக்கரம் போல உருட்டினார். நீளமாகக் கோத்துக் கம்பளிப்பூச்சி போல நகர்த்தினார். படியில் தலைகுப்புற இறங்குமே ஸ்பிரிங் பொம்மை, அந்த நடைகூட உண்டு. கால் வைத்தும் நடக்கவைத்தார். அவர் ஆய்வேட்டின் பொருளே இந்த நடைகள்தான்.

இதை நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா, "நீ சொல்றது ஒண்ணும் புரியல, ஆனா நல்லாத்தான் இருக்கு" என்றார். அப்பாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அப்பா சென்ட்ரிங் வேலை பார்க்கிறவர்.

"இதுல என்ன பாப்பா பெரிய விஷயம்? நம்ம சென்ட்ரிங் சாமான் மாதிரிதானே?"

யோசித்துப் பார்த்தால் அப்படித்தான்! அதே தகடு, அதே முட்டு, அதே பலகை. இந்த மாசம் ஒரு வீட்டின் மேல்தளத்தைத் தாங்கும். பிரித்து வண்டியில் ஏற்றினால் அடுத்த ஊரில் பீமுக்குப் பெட்டியாகும். வீடுதான் வேறு வேறு, சாமான் அதேதான். அப்பா அதோடு விடவில்லை.

"ஆனா ஒண்ணு பாப்பா. சாமான்ல ஒண்ணும் இல்ல. சேர்க்கிற எடத்துலதான் எல்லாம் இருக்கு. ஆப்பு சரியா ஏறலைன்னா மொத்த ரூஃபும் உக்காந்துரும்."

ஆறாவதோடு நின்றவர் சொன்ன இந்த ஒரு வரிதான், பிறகு நான் படித்த அத்தனை ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் எனக்குச் சாவியாக இருந்தது.

சேர்க்கிற இடம்

பட்டம் வாங்கியபின் யிம் ஜெராக்ஸ் கம்பெனியின் 'பார்க்' ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். கலிஃபோர்னியாவில், பாலோ ஆல்டோ ஊரில் இருந்தது. லேசர் பிரிண்டரும் ஈதர்நெட்டும் பிறந்த இடம். அங்கே அவர் குழு செய்ததுதான் 'பாலிபாட்' என்பதன் தம்பி, 'பாலிபோட்'. (பெயர் குழப்பும். 1994-இல் செய்தது பாலிபாட், ஜெராக்ஸில் செய்தது பாலிபோட்.)

இதில் துண்டு இன்னும் எளிமை ஆனது. ஒரு செக்மென்ட் என்றால் கதவுக் கீல் மாதிரி ஒரே ஒரு மூட்டு. அதற்கு ஒரு மோட்டார். இரண்டு பக்கமும் இணைப்புத் தட்டு. அவ்வளவுதான். பின்னால் வந்த தலைமுறையில் ஒரு துண்டு ஏறக்குறைய 5 செ.மீ. கனசதுரம், உள்ளங்கையில் அடங்கும். இந்தத் துண்டுகள் வட்டமாகி உருண்டன. வட்டம் அறுந்து பாம்பாகி நெளிந்தன. பாம்பு மடங்கி நாலு கால் சிலந்தியாகி நடந்தது. ஒரே சாமான், மூன்று பிராணி!

ஆனால் கவனிக்க வேண்டியது அந்த இணைப்புத் தட்டை. நாம் சாதாரணமாக ஆண், பெண் என்று இரண்டு வகை கனெக்டர் செய்வோம். பிளக் ஒன்று, சாக்கெட் ஒன்று. பாலிபோட்டில் அந்தப் பேதம் கிடையாது. ஒவ்வொரு தட்டிலும் நாலு முள்ளும் உண்டு, நாலு துளையும் உண்டு. எந்தத் தட்டும் எந்தத் தட்டோடும் சேரும். 90 டிகிரி திருப்பி வைத்தாலும் சேரும். முள் துளைக்குள் போனதும் உள்ளே ஒரு பூட்டு பிடித்துக்கொள்ளும். பூட்டைத் திறப்பதற்கு மோட்டார் வைத்தால் எடை கூடும் அல்லவா? அதனால் நினைவு உலோகக் கம்பி போட்டார்கள். மின்சாரம் பாய்ந்து சூடானால் சுருங்கும் கம்பி அது. சுருங்கும்போது பூட்டைத் திறந்துவிடும். இரண்டு தட்டும் நேருக்கு நேர் வந்திருக்கிறதா என்று பார்க்க அகச்சிவப்பு விளக்குகள். இணைந்ததும் கரன்ட்டும் தகவலும் அதே தட்டின் வழியாகவே ஓடும். தகவல் ஓடுகிற பாதை, ஆட்டோமொபைல் நண்பர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே கேன் பஸ்தான்.

அதைவிட முக்கியம், ஒவ்வொரு துண்டுக்குள்ளும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. துண்டு என்றால் வெறும் நட்டு போல்ட்டு இல்லை. தான் எந்தக் கோணத்தில் இருக்கிறேன், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று அதற்கே தெரியும்.

இவ்வளவு செய்தும் கஷ்டம் தீரவில்லை. ஏன்? நாம் செகண்ட் இயரில் படித்த கேண்டிலீவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு 100 கிராம், நீளம் 5 செ.மீ. என்று வைப்போம். இரண்டு துண்டைக் கிடைமட்டமாக நீட்டினால் எடை 200 கிராம். எடையின் மையம் 5 செ.மீ. தள்ளி. அடி மூட்டில் விழுகிற முறுக்கு 1 கிலோ-செ.மீ. சரி, பத்துத் துண்டை நீட்டினால்? எடை 1 கிலோ, மையம் 25 செ.மீ. தள்ளி. முறுக்கு 25 கிலோ-செ.மீ.! துண்டு ஐந்து மடங்கு, சுமை இருபத்தைந்து மடங்கு. மோட்டார் மட்டும் அதே மோட்டார்.

இதை நாங்கள் கையால் தொட்டே பார்த்தோம். எங்கள் புராஜெக்ட் குழுவில் நாலு பேர். காசு கொடுத்தால் ரெடிமேடு புராஜெக்ட் கிடைக்கிற காலம் இது, உங்களுக்கும் தெரியும். வேண்டாம், சின்னதாக இருந்தாலும் நாமே செய்வோம் என்று முடிவு செய்து, சர்வோ மோட்டார் போட்ட கீல் துண்டுகள் நாலு செய்தோம். லேப் மேஜைமேல் கம்பளிப்பூச்சி மாதிரி நகர்ந்தது. அன்றைக்கு லேப் உதவியாளர் அண்ணன்கூடக் கை தட்டினார். ஆனால் தலையைத் தூக்கச் சொன்னால், மூன்று துண்டு வரை தூக்கியது. நாலாவதையும் சேர்த்துத் தூக்கச் சொன்னதும் சர்வோ முனகிக்கொண்டு நின்றுவிட்டது. சினிமா சிட்டிகள் ஆயிரக்கணக்கில் அடுக்கி நின்றார்களே, அடியில் நின்ற சிட்டியின் முழங்காலை நினைத்து நான் அன்றைக்குத்தான் பரிதாபப்பட்டேன்!

எடை மட்டும் இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் ஆட்டம் இருந்தால், பத்தாவது மூட்டின் நுனியில் அது பெரிய ஆட்டம். அந்த நுனியைக் கொண்டுபோய் இன்னொரு தட்டின் நாலு துளையில் சரியாகச் சொருக வேண்டும். யிம்மின் குழு மட்டும் இல்லை, இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் திரும்பத் திரும்பப் போராடுவது இந்த இடத்தில்தான். அப்பா சொன்ன அதே ஆப்பு!

கைக்கு ஒரு அதிர்வு

நடுவே ஒரு கிளைக்கதை. யிம் துண்டு ரோபோவோடு மட்டும் நிற்கவில்லை. 1990-களில் 'வர்ச்சுவல் டெக்னாலஜிஸ்' என்ற சின்னக் கம்பெனிக்காக மார்க் ட்ரெம்ப்ளே என்பவரோடு சேர்ந்து ஒரு கையுறை வேலை செய்தார். கம்ப்யூட்டருக்குள் தெரிகிற பொருளை, கையுறை போட்டவர் தொட்டால் தொட்ட உணர்வு வரவேண்டும். எப்படி? ஒவ்வொரு விரலிலும் ஒன்று, உள்ளங்கையில் ஒன்று என்று ஆறு அதிர்வான்கள். தொட்டால் அதிரும்.

மையம் விலகிய எடையை மோட்டாரில் மாட்டிச் சுற்றினால் அதிரும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். பேலன்சிங் பாடத்தில் அதிர்வை எப்படி ஒழிப்பது என்று படிக்கிறோம். இவர்கள் அதே அதிர்வை மனிதனோடு பேசவைத்தார்கள். இந்த வகையில் அவர்கள் வாங்கிய காப்புரிமை பிறகு இமெர்ஷன் என்ற கம்பெனியிடம் போனது. 2002-இல் அந்தக் கம்பெனி, வீடியோ கேம் கைப்பிடிகள் அதிர்வதில் எங்கள் காப்புரிமை மீறப்பட்டிருக்கிறது என்று சோனி மீதும் மைக்ரோசாஃப்ட் மீதும் வழக்குப் போட்டது. மைக்ரோசாஃப்ட் 2003-இல் சமரசம் செய்துகொண்டது. சோனிக்கு எதிராக 2004-இல் ஜூரி சொன்ன தொகை 8.2 கோடி டாலர். வழக்கு 2007-இல்தான் முடிந்தது.

பணத்தை விடுங்கள். கை என்ன உணர்கிறது என்று யோசித்த அதே ஆள்தான் துண்டு ரோபோவும் செய்தார் என்பது எனக்குப் பிடித்தது. மெஷினை மட்டும் பார்க்காமல், அதைத் தொடுகிற மனுஷனையும் பார்த்திருக்கிறார்.

உதைத்தால் சிதறும், சிதறினால் சேரும்

2004-இல் யிம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். ஃபிலடெல்ஃபியா நகரம். அங்கே 1979-இல் ருசேனா பாய்ச்சி என்ற பெண் பேராசிரியர் தொடங்கிய 'கிராஸ்ப்' ஆய்வகம் பேர்போனது. யிம் பின்னாளில் அந்த ஆய்வகத்துக்கே இயக்குநராகவும் இருந்தார்.

அங்கே அவர் குழு செய்த துண்டுக்குப் பெயர் 'சிகேபாட்'. 2007-இல் அவர்கள் வெளியிட்ட பரிசோதனை இந்தத் துறையில் பிரசித்தம். மூன்று கூட்டமாகச் சேர்ந்து நிற்கிற ரோபோவை ஒரு ஆள் ஓங்கி உதைக்கிறார். ரோபோ மூன்றாகச் சிதறி விழுகிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒவ்வொரு கூட்டமும் புரண்டு நிமிர்கிறது. தன் கேமராவால் மற்றக் கூட்டத்தின் மின்னும் விளக்கைத் தேடுகிறது. ஊர்ந்து போகிறது. காந்தம் பட்டென்று ஒட்டிக்கொள்கிறது. மூன்றும் சேர்ந்ததும் எழுந்து நிற்கிறது!

வீடியோவைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. காரணம் ரோபோ மட்டும் இல்லை.

போன லீவில் இன்பிளான்ட் டிரெய்னிங் போயிருந்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். அங்கே கான்ட்ராக்டில் இருந்த ஒரு அண்ணன், விரலில் அடிபட்டதால் இரண்டு நாள் லீவு கேட்டார். மேலே இருந்தவர் சொன்னார்: "போய்க்கோ. நீ இல்லேன்னா கேட்ல நூறு பேர் நிக்கிறான்." அந்த நூறு பேரில் நாளைக்கு நாமும் இருப்போம் என்று அங்கே நின்றிருந்த எல்லா டிப்ளமோக்களுக்கும் தெரியும். ஒருத்தரும் பேசவில்லை.

துண்டு ரோபோவின் பெருமையும் அதுதானே? ஒரு துண்டு கெட்டால் கழற்றிப் போட்டு இன்னொன்றை மாட்டு! எல்லாம் ஒரே மாதிரி. அப்படியானால் நாமும் துண்டுதானா என்ற கேள்வி என்னை ரொம்ப நாள் அரித்தது.

படிக்கப் படிக்க ஒரு வித்தியாசம் தெரிந்தது. யிம்மின் ரோபோவில் ஒரு துண்டு மாற்றக்கூடியது என்பது, ஒன்று கெட்டதற்காக மொத்தமும் சாகக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. அந்தத் துண்டை மதிக்காததால் வந்தது அல்ல. ஒவ்வொன்றுக்கும் மூளை கொடுத்து, கண் கொடுத்து, விழுந்தால் தேடிப் போய்ச் சேர வழியும் கொடுத்திருக்கிறார்கள். சிதறிக் கிடந்த கூட்டத்தைப் போய் எடுத்து வந்ததே மற்றக் கூட்டங்கள்தான். கேட்டில் நூறு பேர் என்று சொன்னவர் மாற்றுவதை மட்டும் தெரிந்துவைத்திருக்கிறார், சேர்ப்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மெஷினுக்குச் செய்கிற ஏற்பாட்டைக்கூட மனுஷனுக்குச் செய்யவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். அந்த அண்ணன் விரல் ஆறியதும் கழற்றி மாட்ட இன்னொரு விரலா இருக்கிறது?

"அது என்ன விலை?"

அப்பா கேட்ட அடுத்த கேள்வி இது. சைட்டில் வேலை பார்க்கிறவர் வேறென்ன கேட்பார்?

இந்தத் துறையில் ஆரம்பம் முதலே மூன்று வாக்குறுதிகள் சொல்வார்கள். ஒன்று, எல்லா வேலைக்கும் வளையும். இரண்டு, அடிபட்டாலும் தாங்கும். மூன்று, ஒரே துண்டை லட்சக்கணக்கில் செய்வதால் விலை மலிவாகும். முதல் வாக்குறுதிக்குச் சாட்சி உண்டு. 2018-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து யிம் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. 'ஸ்மோர்ஸ்' என்ற புதுத் துண்டு, 8 செ.மீ. அகலம், நாலு மூட்டு. இரண்டு மூட்டு சக்கரமாகவும் ஓடும். பிடித்துக்கொள்வதற்கு ஒரு விசேஷக் காந்தம். ஒட்டவும் விடவும் மட்டும் ஒரு துளி கரன்ட் போதும், ஒட்டியிருக்கும்போது கரன்ட்டே வேண்டாம். இந்தக் கூட்டம் கார் உருவத்தில் அறையைச் சுற்றி வந்து, குறுகலான சந்தில் பொருள் இருப்பதைக் கேமராவில் பார்த்ததும், தானாகவே நீண்ட மூக்காக மாறி எட்டி எடுத்தது. படிக்கட்டு வந்தால் பாம்பாக மாறி ஏறியது. மனிதன் ஒவ்வொரு அசைவுக்கும் உத்தரவு போடவில்லை. இரண்டாவது வாக்குறுதிக்கு உதை வாங்கிய ரோபோ சாட்சி.

மூன்றாவதுக்கு? சாட்சி இல்லை. 2007-இல் யிம்மும் இத்துறையின் மற்ற பெரியவர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஆயிரத்துக்கு மேல் துண்டுகள் சேர்ந்து இயங்குவதை ஒரு பெரிய சவாலாக வைத்தார்கள். அவருடைய பரிசோதனைகள் அதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையில்தான் நடந்திருக்கின்றன. லட்சம் செய்தால்தான் மலிவு. மலிவானால்தான் லட்சம் வாங்குவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் மோட்டார், கம்ப்யூட்டர், பூட்டு என்று வைத்தால் எப்படி மலிவாகும்?

இங்கேதான் யிம்மின் பிற்கால வேலைகள் எனக்குப் புரிந்தன. அவர் கழித்தல் கணக்கில் இறங்கிவிட்டார் என்று தோன்றுகிறது. 2016-இல் அவரும் மாணவர் மாட் பிக்கோலியும் 'பிக்கோலிசிமோ' என்ற பறக்கும் ரோபோ செய்தார்கள். சாதாரண டிரோனுக்கு நாலு மோட்டார். இதற்கு ஒன்றே ஒன்று! புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றும், உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றும். புரொப்பெல்லரைக் கொஞ்சம் மையம் தள்ளி வைத்து, உடம்பு ஒரு சுற்று சுற்றுவதற்குள் சரியான நேரத்தில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் வேண்டிய பக்கம் திரும்பும். திருப்பக்கூடிய மாதிரியின் எடை நாலரை கிராம் அளவுதான். பிறகு 'மாட்போட்' என்ற படகுத் துண்டுகள். அதிலும் ஒரே மோட்டார். காந்தத்தால் ஒட்டித் தண்ணீரில் ஒன்றாக மிதக்கும். 2020-இல் மாணவர் டெவின் கேரலோடு சேர்ந்து உடம்பு, சக்கரம் எல்லாம் பனிக்கட்டியில் செய்த ரோபோ! பனிப்பிரதேசத்தில் உடைந்தால் உதிரிபாகம் தேடிப் போக வேண்டாம், காலடியிலேயே கிடக்கிறது. மோட்டாரும் பாட்டரியும் மட்டும் கொண்டுபோனால் போதும்.

இரண்டு வகைத் துண்டு போதுமா என்று தொடங்கியவர், ஒரு மோட்டார் போதுமா என்று வந்து நிற்கிறார். முப்பது வருடமாக அவர் கேட்பது ஒரே கேள்வி: இன்னும் குறைக்க முடியுமா? காசு இருக்கிறவனுக்கு இது புத்திசாலித்தனமான கேள்வி. காசு இல்லாத நமக்கு இதுதான் முதல் கேள்வி.

மனிதனைக் கேட்டுவிட்டு

கடைசியாக ஒன்று. 'குவோரி' என்ற ரோபோ. மனிதர்களோடு பழகும் ரோபோக்களை ஆராய்வதற்காக யிம்மும் மற்றவர்களும் செய்தது. இடுப்புக்கு மேலே மனித உரு, கை அசைத்துப் பேசும், உருண்டைத் தலையில் முகம் ஒளியாகத் தெரியும், கீழே எல்லாப் பக்கமும் நகரும் வண்டி. இதில் எனக்குப் பிடித்தது, வரைபடம் போடுவதற்கு முன் இதைப் பயன்படுத்தப்போகிற ஆராய்ச்சியாளர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும், எது இல்லாவிட்டால் பரவாயில்லை என்று கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள். கேட்டதால் வேண்டாத பாகம் குறைந்தது, செலவும் குறைந்தது.

அப்பாவின் மூன்றாவது கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். "இது வந்தா எங்க வேலை போயிருமா?" கேண்டிலீவர் கணக்கைச் சொல்லி, இந்தத் துண்டுகளால் சென்ட்ரிங் தகடு தூக்க முடியாது, பயப்படாதீங்க என்றேன். அது பாதிப் பதில்தான் என்று எனக்குத் தெரியும். பெரிய அபார்ட்மென்ட்களில் அலுமினிய ஷட்டரிங் வந்தபோதே பழைய சென்ட்ரிங்காரர்களுக்கு வேலை குறைந்தது. எந்த மெஷினாவது வரத்தான் போகிறது. அப்பாவின் வலது தோள் பதினைந்து வருடமாகத் தகடு சுமந்து இறங்கிப்போயிருக்கிறது. தகட்டைத் தூக்கித்தருகிற மெஷின் வந்தால் அந்தத் தோளுக்கு நல்லது. அப்பாவைத் தூக்கிப்போடுகிற மெஷின் வந்தால் வீட்டுக்குக் கெட்டது. எது வரும் என்பது, வரைபடம் போடுகிறவர் யாரைக் கேட்டுவிட்டுப் போடுகிறார் என்பதில் இருக்கிறது. வரைபடம் போடப் படிக்கிறவர்கள் நாம். சென்ட்ரிங்காரர் வீட்டிலிருந்தும் லாரி டிரைவர் வீட்டிலிருந்தும் நெசவாளர் வீட்டிலிருந்தும் வந்து படிக்கிற நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?

சரி, ஜூனியர் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நாங்கள் செய்த நாலு துண்டும் மெக்கானிக்கல் லேப் அலமாரியில் இருக்கும். ஹெச்.ஓ.டி. சார் அனுமதி கொடுத்துவிட்டார். கூடவே இணைப்புத் தட்டின் டிராயிங்கும் இருக்கிறது. நீங்கள் ஐந்தாவது துண்டு செய்யுங்கள். உங்கள் ஜூனியர்கள் ஆறாவது செய்யட்டும். எங்கள் சர்வோ தூக்காததை உங்கள் மோட்டார் தூக்கட்டும். ட்ரிபிள்-ஈ நண்பர்கள் சர்க்யூட்டைப் பிரித்துப் போட்டாலும் கோபமில்லை. நாலு முள், நாலு துளை, 90 டிகிரிக்கு ஒன்று. அந்த அளவை மட்டும் மாற்றாதீர்கள். அப்போதுதான் நீங்கள் செய்வது எங்களுடையதோடு சேரும்.